கத்திரி வெயிலுக்கு வீட்டில் தைத்த குட்டி டாப்ஸ்: உங்கள் அனுபவம்?

மதுரையிலிருந்து:

என் மகளுக்கு ஐந்து வயது. வெயில் ஏறினாலே கழுத்தடியிலும் முதுகிலும் வியர்க்குரு. கடையில் எடுத்த ஃபிராக்குகள் பார்க்க அழகு, ஆனால் மேலே பாலியஸ்டர், உள்ளே நெட். போட்ட கொஞ்ச நேரத்தில் கழற்றி எறிந்துவிட்டு ஜட்டியோடு ஓடுவாள். அதனால் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை எடுத்து டாப்ஸ் தைத்தேன். வருஷக்கணக்கில் துவைத்த பருத்தி என்பதால் இனிச் சுருங்காது, சாயமும் போக வேண்டியது போயாயிற்று. புதுத் துணியாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

சேலையில் முதலில் நைவது கொசுவமும் உட்காரும் பக்கமும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். அந்த இடங்களை விட்டுவிட்டு, கரை அடியில் வருகிற மாதிரி 16 இன்ச் அகலம், 18 இன்ச் உயரத்தில் இரண்டு துண்டு. கரையே ஓரமாகிவிடுவதால் கீழே மடித்து அடிக்கும் வேலை மிச்சம். மேல் மூலைகளில் உள்பக்கம் 2 இன்ச், கீழ்நோக்கி 5 இன்ச் வளைத்து வெட்டினால் கைக்கு இடம் வந்துவிடும். மார்பு 22 இன்ச் பிள்ளைக்குத் தையல் போக 30 இன்ச் சுற்றா, சாக்கு மாதிரி இருக்குமே என்றார் மாமியார். "காத்து போக வேண்டாமா அத்தை?" என்றேன். தைத்ததைப் போட்டுப் பார்த்த பிறகு அவரே இன்னொரு சேலையை எடுத்துக் கொடுத்தார்.

ஓவர்லாக் மெஷின் (துணி ஓரம் பிரியாமல் நூல் சுற்றித் தைப்பது) இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி ஓரமாக ஒரு தையல், பிசிறை நறுக்கிவிட்டு, உள்பக்கம் திருப்பி இன்னொரு தையல். பிசிறெல்லாம் தையலுக்குள் அடங்கிவிடும். வியர்க்குரு மேல் பிசிறு உரசினால் பிள்ளை படும் பாடு தெரியும்தானே! கைவளைவு ஓரத்துக்குக் கட்டாயம் கிராஸ் பீஸ்தான், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை; நேர்த்துண்டு வைத்தால் வளைவில் படியாமல் சுருக்கம் விழும். கடைசியாக மேல் ஓரத்தை மடித்தடித்து, நாடா கோர்த்துத் தோளில் முடிச்சு. ஒரு மதியம் போதும்.

திருப்பூரிலிருந்து:

அக்கா, டாப்ஸ் அருமை. அந்த நாடாவை மட்டும் எடுத்துவிடுங்கள். நான் இங்கே ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஐரோப்பாவுக்குப் போகிற பீஸ் என்றால், 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்துப் பக்கம் இழுநாடா வைக்கவே கூடாது. இஎன் 14682 என்று அதற்கொரு தரவிதியே உண்டு. சறுக்குமரம் மாதிரி விளையாட்டுச் சாமான்களில் நாடா மாட்டிக் கழுத்து இறுகிவிடும் என்பதால்தான்.

அதற்குப் பதில் முன்னால் 6 இன்ச், பின்னால் 6 இன்ச் எலாஸ்டிக் கோர்த்து, துணிப்பட்டையைத் தோளில் இரண்டு முனையும் சேர்த்தே தைத்துவிடலாம். தலை நுழைகிறதா என்று முதலில் குண்டூசி குத்திப் பாருங்கள். இந்த வயதில் தலைச்சுற்று 20 இன்ச்சை ஒட்டி இருக்கும். உடம்பின் அளவை நம்பிக் கழுத்து வைத்தால் டாப்ஸ் நெற்றியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று, தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வரும்வரை எங்கள் லைனில் அந்த மெஷின் ஓடாது. வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெஷின் பக்கத்தில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து:

பையன்களுக்கு யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். என்னுடைய பழைய காட்டன் சட்டையில்தான் என் மகனுக்குக் கையில்லாத டாப்ஸ் தைப்பது வழக்கம். காலர் நைந்தாலும் உடம்புத் துணி நன்றாகவே இருக்கும். சட்டையின் பட்டன் பட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, அது முதுகுப் பக்கம் வரும்படி வெட்டுவேன். காஜா எடுக்கும் தொல்லை இல்லை, தலை நுழையுமா என்ற கவலையும் இல்லை. பட்டன்களை மட்டும் பிடித்து இழுத்துப் பார்த்து, ஆடுவதைத் திரும்ப இறுக்கித் தைத்துவிடுவேன்.

மதுரையிலிருந்து:

திருப்பூர்த் தங்கைக்கு நன்றி, எலாஸ்டிக் வாங்கியாயிற்று. சென்னை அண்ணன் சொன்னதைக் கேட்டுச் சின்னவனுக்காக வீட்டுக்காரரிடம் ஒரு சட்டை கேட்டேன். "காலர் கிழிஞ்சா என்ன, வீட்ல போட்டுக்குவேன்" என்கிறார்.