ஆப்-ஆம்ப்: இரண்டு இன்புட்டும் ஒரே வோல்டேஜ் என்றால் அது எதைப் பெருக்குகிறது?

பண்ணைக்காரன்:

நாட்டுக்கோழி முட்டைக்கு ஒரு இன்குபேட்டர் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, ஆறு மாதமாக நானாகவே கற்றுக்கொள்கிறேன். சூட்டை அளக்க எல்எம்35 சென்சார் வாங்கினேன். டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும், அறையில் 31 டிகிரி, மல்டிமீட்டரில் 0.31 வோல்ட் சரியாக வருகிறது. இதை 11 மடங்கு பெரிதாக்க 741 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) போட்டேன். சென்சார் 3-ம் பின்னுக்கு (பிளஸ் இன்புட்), 6-ம் பின்னிலிருந்து (அவுட்புட்) 10கே ரெசிஸ்டர் 2-ம் பின்னுக்கு (மைனஸ் இன்புட்), அங்கிருந்து 1கே கிரவுண்டுக்கு. 7-ல் 9 வோல்ட் பேட்டரி, 4-ல் கிரவுண்டு. 3.4 வோல்ட் வர வேண்டும், ஆனால் 8 வோல்ட் பக்கத்திலேயே நிற்கிறது. சென்சாரை விரலால் அழுத்திப் பிடித்துச் சூடாக்கினாலும் அசையவில்லை. மூன்று ஐசி மாற்றிப் பார்த்துவிட்டேன், மூன்றும் அப்படியே.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. எங்கே படித்தாலும் இரண்டு விஷயம் சொல்கிறார்கள். ஆப்-ஆம்ப் இரண்டு இன்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லட்சம் மடங்கு பெருக்கும் என்பது ஒன்று, இரண்டு இன்புட்டும் ஒரே வோல்டேஜில் இருக்கும் என்பது இன்னொன்று. ஒரே வோல்டேஜ் என்றால் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? யாராவது பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_ரேடியோ:

தம்பி, உங்கள் வயரிங் சரி, ஐசி மூன்றும் நன்றாகவே இருக்கும், தூக்கிப் போட வேண்டாம். இந்த வேலைக்கு 741 ஆகாது, அவ்வளவுதான். அது 1968-ல் ஃபேர்சைல்டு கம்பெனியில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்தது. பிளஸ் 15, மைனஸ் 15 என்று இரட்டை சப்ளை கொடுத்து நடுவில் கிரவுண்டு வைத்துப் பயன்படுத்திய காலத்து ஐசி. அந்த சப்ளையில்கூட இன்புட் ±12 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று டேட்டாஷீட் சொல்கிறது, அதாவது இரண்டு ஓரத்திலும் 3 வோல்ட் தள்ளி நிற்க வேண்டும். நீங்கள் 4-ம் பின்னை கிரவுண்டில் வைத்துவிட்டு கிரவுண்டுக்கு 0.31 வோல்ட் மேலே சிக்னல் கொடுக்கிறீர்கள். உள்ளே இருக்கும் இன்புட் டிரான்சிஸ்டர்களுக்கு விழித்துக்கொள்ளவே அந்த வோல்டேஜ் போதாது, அதனால்தான் அவுட்புட் மேலே போய் ஒட்டிக்கொண்டது.

சர்க்யூட் படங்களில் முக்கோணம் மட்டும் வரைந்து சப்ளை பின்களை விட்டுவிடுகிறார்கள், புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்எம்358 ஆப்-ஆம்ப் வாங்குங்கள், சென்னை ரிச்சி தெருவில் மட்டுமில்லை, சின்ன ஊர் கடையிலும் கிடைக்கும். 3 முதல் 32 வோல்ட் வரை ஒற்றை சப்ளை போதும், இன்புட் கிரவுண்டு வரை இறங்கலாம். அவுட்புட் மட்டும் சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும், 9 வோல்ட் கொடுத்தால் ஏழரைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பின் வரிசை வேறு, கவனம்: 1 அவுட்புட், 2 மைனஸ், 3 பிளஸ், 4 கிரவுண்டு, 8 சப்ளை. 741 இருந்த இடத்தில் அப்படியே செருகிவிட வேண்டாம். அப்புறம் 8-க்கும் 4-க்கும் நடுவே ஐசியை ஒட்டி ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் போடுங்கள்.

சாலிடர்_மணி:

அந்தப் பூஜ்யக் கேள்விக்கு வருகிறேன், எனக்கு அது புரிய ஒரு வருஷம் ஆனது. "இரண்டு இன்புட்டும் சமம்" என்பது ஆப்-ஆம்ப்பின் குணமே இல்லை. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை: பிளஸ்ஸில் கூட இருந்தால் அவுட்புட்டை ஏற்று, மைனஸ்ஸில் கூட இருந்தால் இறக்கு. சமமாக்குவது நீங்கள் போட்ட அந்த 10கே.

காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் தக்காளி. கடைக்காரர் தக்காளியை எண்ணுவதில்லை, முள்ளை மட்டும் பார்க்கிறார், ஒரு பக்கம் சாய்ந்தால் போடுகிறார், மறு பக்கம் சாய்ந்தால் எடுக்கிறார். உங்கள் சர்க்யூட்டில் சென்சாரின் 0.31 வோல்ட்தான் எடைக்கல். 10கே, 1கே சேர்ந்து அவுட்புட்டில் பதினொன்றில் ஒரு பங்கை மட்டும் மறு தட்டுக்கு, அதாவது மைனஸ் பின்னுக்குக் கொண்டுவருகிறது. பவர் கொடுத்த நொடியில் அவுட்புட் 0, மைனஸ்ஸிலும் 0, பிளஸ்ஸில் 0.31, ஆகவே அவுட்புட் ஏறுகிறது. 2.2 வோல்ட் வரும்போது மைனஸ்ஸில் 0.2தான், இன்னும் ஏற வேண்டும். தவறி 3.5-க்குப் போனால் மைனஸ்ஸில் 0.318, பிளஸ்ஸைவிட அதிகம், உடனே இறங்கும். 3.41-ல்தான் முள் நிற்கும்.

நின்ற இடத்தில் வித்தியாசம் பூஜ்யமா என்றால் இல்லை. எல்எம்358-இன் கெயின் (வித்தியாசத்தைப் பெருக்கும் மடங்கு) சுமார் 1 லட்சம், ஆகவே 3.41 வோல்ட்டைத் தாங்கி நிறுத்த 34 மைக்ரோவோல்ட் வித்தியாசம் மிஞ்சியிருந்தே ஆக வேண்டும். அதைத்தான் புத்தகங்களில் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஐசி மாற்றி கெயின் 50,000 ஆகிவிட்டாலும் மிஞ்சுவது 68 மைக்ரோவோல்ட் ஆகும், அவுட்புட்டில் உங்கள் மீட்டருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட்டுக்கே திருப்பிக் கொடுக்கும் இந்த ஃபீட்பேக்கின் அழகே இதுதான், எத்தனை மடங்கு என்பதை ஐசியிடமிருந்து பிடுங்கி இரண்டு ரெசிஸ்டரிடம் கொடுத்துவிடுகிறது.

படித்துவிட்டு விடாதீர்கள். சர்க்யூட் ஓடும்போது 10கே-யின் ஒரு காலை பிரெட்போர்டிலிருந்து உருவிப் பாருங்கள்.

பண்ணைக்காரன்:

எல்எம்358 போட்டேன். முதல் தடவையே 3.43 வோல்ட்! சென்சாரை விரலால் பிடித்ததும் 3.45, 3.5, 3.58 என்று மெல்ல ஏறியது, விட்டதும் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 10கே-யை உருவினேன், சட்டென்று 7.5, திரும்பச் செருகினால் 3.43. தராசில் தக்காளி எடுத்துப் போடும் கையைக் கட்டிவிட்ட மாதிரி என்று அப்போதுதான் புரிந்தது. மணி அண்ணா, ரேடியோ சார், ரொம்ப நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். 2-க்கும் 3-க்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 34 மைக்ரோவோல்ட் என் மீட்டரில் தெரியாது என்று தெரியும், ஆனால் 1.8 மில்லிவோல்ட் காட்டுகிறது. ஏன்?

சாலிடர்_மணி:

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அது ஆஃப்செட். உள்ளே ஜோடியாக இருக்கும் இன்புட் டிரான்சிஸ்டர்கள் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி அமைவதில்லை, அதனால் தராசு முள்ளே கொஞ்சம் கோணலாக நிற்கிறது. எல்எம்358-ல் இரண்டு மூன்று மில்லிவோல்ட் சாதாரணம். 1.8 x 11 = 20 மில்லிவோல்ட், 3.41 வர வேண்டிய இடத்தில் 3.43 வந்தது அதனால்தான். உங்களுக்கு டிகிரிக்கு 110 மில்லிவோல்ட், ஆக பிழை 0.2 டிகிரிகூட இல்லை. நல்ல தெர்மாமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டு, கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய_ரேடியோ:

அதே ஐசியில் இன்னொரு ஆப்-ஆம்ப் சும்மா இருக்கிறது, 5, 6, 7 பின்கள். பெட்டிக்குச் சூடு தரும் பல்பை ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக அணைத்து ஏற்ற அதை வைத்துக்கொள்ளுங்கள். 37.5 டிகிரிக்கு 4.125 வோல்ட், அதை 7805-லிருந்து (நிலையான 5 வோல்ட் தரும் ஐசி) ஒரு பிரிசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வழியாக 6-ல் கொடுங்கள், சென்சார் பக்கத்து அவுட்புட்டை 10கே வழியாக 5-க்கு. இங்கே மைனஸ்ஸுக்கு ஃபீட்பேக் வேண்டாம், பதிலாக 7-லிருந்து 5-க்கு ஒரு 2.2 மெகா ரெசிஸ்டர். பேட்டரிக்குப் பதில் 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால், பல்பு அணையும் சூட்டுக்கும் ஏறும் சூட்டுக்கும் நடுவே அது சுமார் 0.4 டிகிரி இடைவெளி தரும், இல்லாவிட்டால் ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். ரிலேயை ஐசியோடு நேராகக் கோக்காமல் நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு. சூடு ஏறினால் 7 மேலே போய் ரிலே இழுக்கும், ஆகவே பல்பை என்சி காலில் (ரிலே இழுக்காதபோது மூடியிருக்கும் கால்) கொடுங்கள். 230 வோல்ட் வயர் எதையும் பிரெட்போர்டுக்குக் கொண்டுவர வேண்டாம் தம்பி.