திரினோ: நெல்வயல் நடுவே அந்தக் காடு எப்படித் தப்பியது?

மடைவாய்: வட இத்தாலி, வெர்செல்லி மாகாணம், போ ஆற்றின் இடக்கரையில் திரினோ. சுற்றிலும் நெல்வயல், நடுவே மட்டும் சுமார் 600 ஹெக்டேர் காடு. நெல்லில் அவ்வளவு காசு இருந்தும் இதை ஏன் திருத்தவில்லை? வயலுக்கு வருவது கவூர் கால்வாய்த் தண்ணீரா?

வரப்போரம்: காடு தனியாள் சொத்தில்லை, அதுதான் விஷயம். 1275இல் மொன்ஃபெராத்தோ பகுதியை ஆண்ட மார்க்கி (பிரபு) 7ஆம் குலியெல்மோ ஊராருக்குக் கொடுத்தது. 'பார்த்தெசிபான்சா' என்ற கூட்டுரிமை அமைப்பின் கையில் இன்றும் இருக்கிறது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு வருஷத்துக்கு ஒரு பகுதியில்தான் வெட்டு. அந்த வருஷப் பகுதியைத் துண்டு போட்டுப் பங்காளிகளுக்குக் குலுக்கலில் விடுவார்கள். கிடைப்பது விறகு மட்டும், மண் கிடையாது. மண் கைக்கு வராதபோது யார் அதை வயலாக்குவது?

பக்கத்திலேயே எதிர் உதாரணம் லூச்சேதியோ மடம். 1123இல் வந்த சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் காட்டையும் சதுப்பையும் திருத்தினார்கள். 15ஆம் நூற்றாண்டில் அங்கே நெல் வந்துவிட்டது. மடத்து நிலங்கள் பிறகு பெரும்பண்ணைகளாகக் கைமாறின. பின்னாளில் இத்தாலியின் முதல் பிரதமரான கவூரின் அப்பா வாங்கிய லேரி பண்ணை அதில் ஒன்று.

மதகு: கால்வாய்க் கேள்விக்கு: கவூர் கால்வாய் 1863–66இல் வெட்டியது, போ ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறது, கிவாஸ்ஸோ முதல் கல்லியாத்தே வரை சுமார் 85 கி.மீ., திரினோவுக்கு வடக்கே போகிறது. கோடையில் நெல்லுக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் போ ஆறு வற்றும். ஆல்ப்ஸ் பனி உருகி வரும் தோரா பால்தேயா ஆறு அப்போதுதான் நிறைந்து ஓடும். அதனால் அந்த ஆற்றங்கரை ஊரான சலுஜ்ஜாவிலிருந்து ஃபரினி கால்வாயை வெட்டி இதில் சேர்த்தார்கள்.

வசந்தத்தில் வயலில் நீர் கட்டுவது பெரும்பாலும் இரவுக் குளிருக்காக. பகல் சூட்டைத் தண்ணீர் பிடித்துவைக்கும். ஆனால் விதை முளைத்ததும் சில நாள் வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் வேர் மண்ணைப் பிடிக்காது, காற்றடித்தால் நாற்று மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.

மடைவாய்: இத்தனை நூற்றாண்டு வெட்டியும் காடு அப்படியே இருக்கிறதா?

வரப்போரம்: அப்படியே இல்லை. வெட்டிய கட்டையிலிருந்து மறுதழை வரும், விதைக்கென்று நல்ல ஓக் மரங்களை விட்டுவைப்பார்கள், அதுவரை சரி. தொல்லை ரொபினியா. வட அமெரிக்க மரம். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் வேரிலிருந்தே கிளம்பி ஓக் கன்றை முந்திவிடும். அதைத் திரும்ப வெட்டினால் இன்னும் அதிகமாக முளைக்கும். ஹார்ன்பீம் மர நிழல் அடர்ந்த இடத்தில்தான் அடங்கும். 1991இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்த பிறகும் குலுக்கல் நிற்கவில்லை, ரொபினியாவும்தான்.