கூட்டம் பத்து மடங்கு வந்தது, விளம்பர வருமானம் ஏறவில்லை. ஏன்?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. தையல் பற்றி ஒரு வலைப்பூ நடத்துகிறேன். அளவெடுப்பது, துணி வெட்டுவது, மெஷினில் வரும் சின்னச் சின்னக் கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்வது, இவைதான் விஷயம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் போட்டிருக்கிறேன். பெரிய தொகை இல்லை. ஆனால் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் வந்துகொண்டிருந்தது.

போன மாதம் அம்மாவின் பழைய தையல் மெஷினைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். நிறையப் பேர் பின்தொடரும் ஒரு ஃபேஸ்புக் பக்கம் அதைப் பகிர்ந்தது, அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டது. அந்த வாரம் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் கூட்டம். வருமானமோ ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. ஆர்பிஎம், அதாவது ஆயிரம் பார்வைக்குக் கிடைக்கும் வருமானம், அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. போனிலும் கணினியிலும் திறந்து பார்த்தேன், விளம்பரங்கள் ஒழுங்காகத்தான் வருகின்றன. தளத்தில் வேறு ஏதாவது பழுதா?

இன்னொன்று. "பணம் கட்டினால் தினமும் விசிட்டர்களை அனுப்புகிறோம்" என்று ஒருவர் மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறார். விளம்பரத்துக்குக் கொஞ்சம் செலவழித்தால் வருமானம் கூடுமா? இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறேன், தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழம்பதிவர்:

சகோதரி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தளத்தில் பழுது எதுவும் இல்லை. திடீர்க் கூட்டம் வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

ஆர்பிஎம் என்பது வந்த வருமானத்தைப் பார்வை எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பது. மலிவான பார்வைகள் குவிந்தால் அது தானாக இறங்கும். உங்கள் பழைய வாசகர்களிடமிருந்து வரும் பணம் அப்படியே வந்துகொண்டிருக்கும், எண் மட்டும் கலங்கடிக்கும்.

சரி, பார்வை ஏன் மலிவாகிறது? உங்கள் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. ஏலம் கேட்பவர்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது, வந்திருப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், முன்பு எதையெல்லாம் தேடினார் என்று பார்த்து விலை வைப்பார்கள். ஃபேஸ்புக் செயலிக்குள் உங்கள் பக்கத்தைத் திறப்பவர் அந்தச் செயலியின் உள் உலாவியில்தான் படிக்கிறார். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் உலாவியில் உள்ள குக்கீகள், அதாவது அவர் முன்பு போன தளங்கள் விட்டுவைத்த சிறு அடையாளக் குறிப்புகள், அங்கே இருக்காது. ஆள் யாரென்று தெரியாதபோது யாரும் பெரிய விலை கேட்க மாட்டார்கள். பக்கத்தின் விஷயத்தையும் பாருங்கள்: அம்மாவின் நினைவைச் சொல்லும் பதிவுக்குப் பக்கத்தில் எதை விற்பது?

அப்புறம், விளம்பரம் கண்ணில் பட வேண்டும். படத்தின் பாதியாவது ஒரு விநாடியாவது திரையில் தெரிந்தால்தான் அது பார்க்கப்பட்டதாகக் கணக்கு. விளம்பர உலகத்தில் பொதுவான அளவுகோல் அது. குழுவில் வந்த லிங்க்கைத் தட்டுபவர் இரண்டு பத்தி படித்து, நெகிழ்ந்து, அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டுப் போய்விடுவார். பதிவின் நடுவிலும் கடைசியிலும் உள்ள விளம்பரங்கள்வரை அவர் வருவதே இல்லை.

உங்கள் தளத்தைப் போய்ப் பார்த்தேன். "மேல்நூல் அடிக்கடி அறுகிறதா?" என்று ஒரு பழைய பதிவு இருக்கிறது. ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பது, டென்ஷன் திருகு இறுகியிருப்பது, நூலை வரிசை மாற்றிக் கோத்திருப்பது, பாபின் கேஸில் பஞ்சு அடைந்திருப்பது என்று ஒவ்வொன்றையும் படத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அருமையான பதிவு. கூகுளில் தேடி அங்கே வருபவருக்குப் பாதி தைத்த துணி மெஷினிலேயே கிடக்கிறது. கடைசிப் படிவரை பொறுமையாகப் படிப்பார். ஊசி விற்பவர், நூல் விற்பவர், புது மெஷின் விற்பவர் எல்லாருக்கும் அவர் வேண்டும். அப்படி வரும் நூறு பேர், சும்மா எட்டிப் பார்க்கும் ஆயிரம் பேரைவிட அதிகம் ஈட்டித் தரலாம். நான் பார்த்த தளங்களில் திரும்பத் திரும்ப இதைத்தான் பார்க்கிறேன்.

சந்தேகம் இருந்தால் ஆட்சென்ஸில் இந்த இரண்டு பதிவுகளுக்கும் தனித்தனி யூஆர்எல் சேனல் போடுங்கள், ஒவ்வொரு பக்கத்தின் வருமானமும் தனியாகத் தெரியும். போட்ட நாளிலிருந்துதான் கணக்கு வரும், பழையது வராது.

விசிட்டர் அனுப்புகிறேன் என்கிற ஆளுக்குப் பதிலே போடாதீர்கள். அப்படி வருவதில் பெரும்பகுதி தானியங்கி நிரலாகவோ காசுக்குக் கிளிக் செய்பவர்களாகவோ இருக்கும். கூகுள் அதைச் செல்லாத ட்ராஃபிக் என்று கழிக்கும், விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும், கணக்கையே மூடவும் செய்யும். அனுப்பியவர் யாரென்று பார்க்க மாட்டார்கள், தளத்துக்காரர்தான் பொறுப்பு. பல வருட உழைப்பை இப்படிப் பறிகொடுத்த பதிவர்களை எனக்குத் தெரியும். நினைத்தாலே வயிறு எரிகிறது.

நேர்மையான விளம்பரத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்பிஎம் 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார்வைக்கு 0.2 சென்ட். ஒருவரை விளம்பரம் போட்டு அழைத்துவர ஒரு சென்ட் ஆனால்கூட, அவர் ஐந்து பக்கம் படித்தால்தான் போட்ட காசு திரும்பும்.

கோடைமழை:

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். 2023 நவம்பரில் கூகுள் அறிவித்து, 2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸை முழுக்கப் பார்வைக் கணக்குக்கு மாற்றியது. அதற்கு முன் கிளிக்குக்குத்தான் பெரும்பாலும் பணம். பலர் "இனி கூட்டம் வந்தாலே போதும்" என்று நினைத்துக்கொண்டார்கள். ஏலம் அப்படியேதான் இருக்கிறது, ஆள் பார்த்துத்தான் விலை.

மாதத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கம்பெனிகள் அதிகம் செலவழிக்கும், ஜனவரியில் கையை இறுக்கிக்கொள்ளும். உங்கள் கூட்டம் ஜனவரியில் வந்திருந்தால் இன்னும் குறைவாகத் தெரியும்.

நூல்கண்டு:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜனவரி இல்லை. எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அனலிட்டிக்ஸில் பார்த்தேன். மெஷின் பதிவில் வந்தவர்களில் பெரும்பாலானோர் அரை நிமிடம்கூட இல்லை. நூல் அறுகிற பதிவில் நான்கைந்து நிமிடம் இருக்கிறார்கள்! ஆனால் அம்மா பதிவுக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன், அது வீண் என்று நினைக்க மனம் வரவில்லை. அந்தக் கூட்டத்தால் எந்தப் பயனும் இல்லையா?

பழம்பதிவர்:

ஏன் இல்லை? அந்த வாரம் தந்த பணத்தை மட்டும் பார்த்தால்தான் குறைவாகத் தெரியும். பகிர்ந்தவர்களில் தங்கள் தளத்தில் உங்களுக்கு இணைப்பு கொடுத்தவர்கள் இருப்பார்கள். அப்படி வரும் இணைப்புகள் தேடலில் உங்கள் தளத்தை மேலே கொண்டுவர உதவும், நூல் அறுகிற பதிவுக்கும் அதில் பங்கு கிடைக்கும். அம்மா பதிவுக்கு இன்னும் ஆள் வந்துகொண்டிருந்தால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். மூன்றாவது பத்திக்குக் கீழே, "இப்படி ஒரு பழைய மெஷின் உங்கள் வீட்டிலும் ஓடாமல் கிடக்கிறதா?" என்று கேட்டு, எண்ணெய் விடுவது, பெல்ட் மாற்றுவது பற்றிய பதிவுகளுக்கு இணைப்பு கொடுங்கள். பக்கத்திலேயே மின்னஞ்சலில் பதிவு பெறுவதற்கான பெட்டியையும் வையுங்கள். பின்னூட்டம் எழுதியவர்களில் நூற்றில் ஐந்து பேர் சேர்ந்தாலும் அவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

மஞ்சள்பலகை:

நான் என் தளத்தில் கடைக்காரர்களுக்கு நேரடியாக விளம்பர இடம் விற்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு வாரம் எகிறிய வரைபடத்தைக் காட்டினால் அவர்கள் அசைய மாட்டார்கள். "மாதாமாதம் எத்தனை பேர், அவர்கள் எதைத் தேடி வருகிறார்கள்" என்றுதான் கேட்பார்கள். உங்களிடம் இருப்பது தையல் மெஷின் வைத்திருக்கும் வாசகர்கள். ஊசி, நூல், உதிரிபாகம் விற்பவர்களுக்கு அந்தச் சிறிய கூட்டமே போதும். பேசிப் பாருங்கள். அவர்களிடம் காசு வாங்கி எழுதும் பதிவாக இருந்தால் விளம்பரம் என்று மேலேயே போட்டுவிடுங்கள், காசுக்குக் கொடுத்த இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு குறியையும் இணைப்பில் சேருங்கள்.

பழம்பதிவர்:

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஆட்சென்ஸில் இப்போது தெரியும் தொகை மதிப்பீடுதான். மாதம் முடிந்து, செல்லாத பார்வைகளைக் கழித்த பிறகுதான் இறுதித் தொகை வரும். திடீர்க் கூட்டம் வந்த மாதத்தில் அது கொஞ்சம் குறையலாம், பதறாதீர்கள். "விளம்பரம் வரையறுக்கப்பட்டுள்ளது" என்று அறிவிப்பு வந்தாலும் எதையும் கிண்டாமல், உங்கள் பக்கத்தை நீங்களே திரும்பத் திரும்பத் திறக்காமல் விட்டுவிடுங்கள். பொதுவாகச் சில வாரங்களில் தானாக விலகிவிடும். விலகாவிட்டால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கலாம்.