கொழுந்தனுக்கு கவுன்சில்ல இருந்து பில் வந்திருக்கு, நாங்க கட்டணுமா?

திருச்சிப்பொண்ணு:
வணக்கம். கல்யாணமாகி இங்கிலாந்து வந்து நாலு மாசம்தான் ஆகுது. கொழுந்தனுக்கு 31 வயசு, டவுன் சிண்ட்ரோம். மாமியார்தான் பாத்துக்கிட்டாங்க, போன மாசம் தவறிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் ஷிஃப்ட் வேலை, அவர தனியா விட முடியல. ஷேர்ட் லைவ்ஸ்னு ஒரு திட்டத்துல வேற குடும்பத்தோட தங்க சோஷியல் ஒர்க்கர் ஏற்பாடு பண்றாங்க. இப்ப வாடகை தனி, சாப்பாடு கரண்ட் தனி, பாத்துக்கிற கேர் செலவு தனின்னு வாராவாரம் கட்டச் சொல்லி கவுன்சில்ல (இந்த ஊர் நகராட்சி மாதிரி) இருந்து லெட்டர் வந்திருக்கு. தூக்கமே இல்ல. இத நாங்க கட்டணுமா? என் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

வன்னியன்_லண்டன்:
தங்கச்சி, பிள்ளைய ஏன் வேற ஆக்களிட்ட விடுறீங்கள்? நான் 2001ல வந்தனான், ஒரு அறைக்குள்ள ஆறு பேர், இரவு முழுக்க பெற்றோல் ஸ்ரேசன் வேலை, பிறகு அம்மாவக் கூப்பிட்டு கடைசிவரைக்கும் நாங்கள்தான் பாத்தனாங்கள். ஒருத்தரிட்டயும் சதம் வாங்கேல்ல.

மதுரைக்காரன்:
ஸ்பௌஸ் விசாவுல பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது பெனிஃபிட்னு அரசு கொடுக்கிற உதவித்தொகைய, தொடவே கூடாது. வீட்டுக்கு எந்த பெனிஃபிட் வந்தாலும் உடனே நிறுத்துங்க, நான் முதல் வருஷம் இந்த பயத்துலயே செத்தேன்.

கவிதா_லெஸ்டர்:
தப்பா சொல்லாதீங்க ப்ரோ, அது அந்த தம்பியோட பேர்ல வர்ற காசு, இவங்க விசாவுக்கு என்ன சம்பந்தம். பிப்னு ஊனமுள்ளவங்களுக்கு அரசு கொடுக்கிற காசுல கவுன்சில் கையே வைக்க முடியாது, ஒரு பைசா கட்டாதீங்க.

குரோய்டன்_அப்பா:
எங்க பையன் போய்க்கிட்டிருந்த டே சென்டர மூடிட்டாங்க, கவுன்சில் டாக்ஸ் மட்டும் வருஷாவருஷம் ஏறுது. பேச முடியாத புள்ளைங்ககிட்ட போய் கணக்கு கேக்குறாங்க, வயிறு எரியுது.

மதுரைக்காரன்:
ஆமா சார், போன்ல முக்கா மணி நேரம் பாட்டு போட்டுட்டு கட் பண்ணிடுவாங்க.

செல்வி_அக்கா:
அந்தப் பொண்ணு தூங்காம உக்காந்திருக்கு, கொஞ்சம் அதுக்கு வருவோம். என் தங்கச்சி ஒன்பது வருஷமா ஷேர்ட் லைவ்ஸ்லதான் இருக்கா, வேற குடும்பத்துல விட்டது பாவம் இல்ல, நல்லா இருக்கா. மூணு காசும் வேற வேற. வாடகைக்கு அவர் பேர்ல ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்கான உதவித்தொகை) கேட்டு பாருங்க. சாப்பாடு, கேஸ், கரண்டுக்கு அவரோட பெனிஃபிட்ல இருந்து அவரே கொடுக்கணும், நம்ம வீட்ல இருந்தாலும் அந்த செலவு இருக்குமில்ல. கேர் செலவுக்கு மட்டும்தான் கவுன்சில் வருமான கணக்கு பாக்கும், 2014 கேர் ஆக்ட் படி அவரோட காச மட்டும்தான், உங்க சம்பளத்த கேக்கவே முடியாது. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல இருந்தா முழு செலவும் அவர் தலையில விழும். கவிதா சொன்னது பாதிதான் சரிம்மா, பிப்ல மொபிலிட்டி பங்க தொடக்கூடாது, டெய்லி லிவிங் பங்க கணக்குல எடுப்பாங்க. ஆனா அவர் நிலைமையால வர்ற கூடுதல் செலவு, அதிகமா துணி துவைக்கிறது, ஹீட்டிங், இதெல்லாம் எழுதிக் கொடுத்தா கழிப்பாங்க, ரசீது வைங்க. இதுக்கு மேல ஒரு குறைஞ்சபட்ச தொகைய அவருக்குன்னு விட்டே ஆகணும். கணக்கு தப்பா தெரிஞ்சா திரும்ப பாக்கச் சொல்லி எழுதுங்க, 2020ல நார்ஃபோக் கவுன்சிலோட கட்டணமுறை கடுமையா ஊனமுள்ளவங்கள பாரபட்சமா நடத்துதுன்னு ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. ஆமா, அவர் இங்கயே பொறந்தவரா? காசு யார் அக்கவுண்ட்டுக்கு வருது?

திருச்சிப்பொண்ணு:
இங்கதான் பொறந்தார் அக்கா. காசெல்லாம் அத்தை அக்கவுண்ட்டுக்குத்தான் வந்துச்சு, பேங்க்ல அத முடக்கிட்டாங்க. இத முதல்லயே சொல்லியிருக்கணும்.

செல்வி_அக்கா:
அப்ப பில்ல விடும்மா, இதுதான் முதல் வேலை. அத்தைதான் அவருக்கு அப்பாயின்டியா, அதாவது அவர் பெனிஃபிட்ட அவருக்காக வாங்கி பாத்துக்கிற ஆளா, இருந்திருப்பாங்க. நாளைக்கு காலைல உன் வீட்டுக்காரர் பெனிஃபிட் கொடுக்கிற அரசுத் துறையான டிடபிள்யூபிக்கு போன் பண்ணி அவங்க தவறிட்டாங்கன்னு சொல்லி, இனிமே தன்னை அப்பாயின்டியா போடச் சொல்லி கேக்கட்டும். அது முடியற வரைக்கும் கட்ட காசு இல்லன்னு கவுன்சிலுக்கு ஈமெயில்ல எழுதிப் போடு, போன்ல மட்டும் சொல்லாத. லெட்டர்ல பதில் கொடுக்க கடைசி தேதி என்ன போட்டிருக்கு?