மேட்டில் ஏறும்போது மட்டும் மோட்டார் நின்றுவிடுகிறது, உதவி தேவை

லிந்துலை_வாத்தியார்:
வணக்கம். 2022இல் இலங்கையில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்ற காலத்திலிருந்து மனதில் கிடந்த வேலை, இப்போதுதான் கைகூடியிருக்கிறது. பழைய லுமாலா சைக்கிளின் பின்சில்லில் 36 வோல்ட், 350 வாட் ஹப் மோட்டார், அதாவது சில்லின் நடுவிலேயே இருக்கும் மோட்டார், பூட்டியிருக்கிறேன். உள்ளே பல்சக்கரம் உள்ள வகை. மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர். பெட்டரி மட்டும் புதிதில்லை. பழைய லெப்டொப் பெட்டரிகளில் இருந்து எடுத்த 18650 என்ற உருளை லித்தியம் செல்களில் ஒருவர் கட்டிக் கொடுத்தார். நான்கு நான்காகப் பக்கத்தில் சேர்த்த பத்துத் தொகுதிகள், தொடராக.

சமதரையில் அருமையாக ஓடுகிறது. நானுஓயாப் பக்கம் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மோட்டார் நிற்கிறது, டிஸ்ப்ளேயும் அணைகிறது. ஓரமாக நிறுத்தி, சுவிட்சை அணைத்துப் போட்டால் திரும்ப வரும். அடுத்த வளைவில் மறுபடி அதே கதை. காலையில் சீக்கிரம் நிற்கிறது, மத்தியானம் கொஞ்சம் தாங்குகிறது. முழுச் சார்ஜில் மீட்டர் 41.6 காட்டுகிறது. கடையில் கேட்டால் மோட்டார் பத்தாது, 1000 வாட் போடுங்கள் என்கிறார்கள். டியூசன் வகுப்புக்குப் போய்வரத்தான் இந்த சைக்கிள், அவ்வளவு காசு என்னிடம் இல்லை. மோட்டாரை மாற்றத்தான் வேணுமா?

பதுளை_ரைடர்:
நின்ற உடனே மோட்டாரில் கை வைத்துப் பார்த்தீர்களா? டிஸ்ப்ளே முழுதாக அணைகிறதா, இல்லை வெளிச்சம் இருக்க மோட்டார் மட்டும் நிற்கிறதா?

லிந்துலை_வாத்தியார்:
சூடுதான், ஆனால் கை வைக்க முடிகிறது. டிஸ்ப்ளே முழு இருட்டு.

நோர்வூட்_வயர்மேன்:
வாத்தியார், மோட்டார் வாங்க வேண்டாம். டிஸ்ப்ளே இருட்டாகிறது என்றால் பெட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை, பி.எம்.எஸ், மொத்தக் கரண்டையும் வெட்டிவிடுகிறது என்று அர்த்தம். கன்ட்ரோலர் தானாக நிறுத்தினால் பெரும்பாலும் வெளிச்சம் அப்படியே இருக்கும். 1000 வாட் போட்டால் அது இன்னும் அதிகமாக ஆம்பியர் இழுக்கும், இன்னும் சீக்கிரம் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போக, ஏற்றத்துக்கு மட்டுமே சுமார் 327 வாட் வேண்டும். அதுவும் சில்லில் சேர வேண்டிய சக்தி. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் கன்ட்ரோலர் தன் 15 ஆம்பியரையும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நான்கு செல்லுக்குப் பிரித்தால் ஒரு செல்லுக்கு 3.75 ஆம்பியர். லெப்டொப்புக்குள் அந்தச் செல் அப்படி உழைத்ததே இல்லை. குளிரில் லித்தியம் செல்லின் உள்தடை கூடும், வோல்டேஜ் இன்னும் கீழே விழும். காலையில் சீக்கிரம் நிற்பது அதனால்தான்.

பத்துத் தொகுதியில் ஏதோ ஒன்று பலவீனம் என்பது என் ஊகம். பத்தையும் கூட்டி 41.6 என்று பார்த்தால் அது தெரியாது. சுமை கொடுத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். சைக்கிளில் ஏறி ஓட வேண்டியதில்லை. 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்ப் மூன்றைத் தொடராகப் பெட்டரியில் கொடுங்கள், ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். அதே மாதிரி இன்னொரு மூன்றைப் பக்கத்தில் இணைத்தால் 10 கிட்ட வரும். பல்புகளைச் செங்கல் மேல் வையுங்கள், பயங்கரமாகச் சுடும். அப்புறம் பி.எம்.எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்கள் பதினொன்று இருக்கும். அடுத்தடுத்த இரண்டில் மீட்டர் வைத்தால் ஒரு தொகுதியின் வோல்டேஜ். மீட்டர் முனை இரண்டு வயரை ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது, அது முக்கியம்.

தலவாக்கலை_சுதா:
எனக்கென்னவோ பெட்டரியின் அளவே போதவில்லை என்று தோன்றுகிறது. பெரிய பெட்டரி கட்டினால் சரியாகிவிடும்.

நோர்வூட்_வயர்மேன்:
பெரிதாக்கினால் ஒரு செல்லின் சுமை குறையும், அது உண்மை. ஆனால் கொள்ளளவு குறைவு என்பது இங்கே காரணம் இல்லை. 100 கிலோவை 400 மீட்டர் உயரம் ஏற்ற 109 வாட்மணிதான் வேண்டும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தாலும் 170, 180. செல் ஒன்று 2 ஆம்பியர்மணி என்றால் அவரிடம் இருப்பது 288 வாட்மணி. போய்ச் சேரும் சார்ஜ் இருக்கிறது. வழியில் நிற்பதுதான் கேள்வி.

லிந்துலை_வாத்தியார்:
அளந்தேன். ஆறு பல்பும் எரியும்போது மற்ற ஒன்பதும் 3.8க்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஏழாவது மட்டும் 3.1, நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது. பல்பைக் கழற்றினால் உடனே மேலே ஏறுகிறது. உறையைப் பிரித்துப் பார்த்தேன். ஏழாவதில் நிக்கல் பட்டி இரண்டு செல்லின் தலையில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெல்டிங் புள்ளி விட்ட இடம் கறுத்திருக்கிறது. அதைத் திரும்ப ஒட்டினால் போதுமா?

நோர்வூட்_வயர்மேன்:
போதாது. நான்கு செல்லின் சுமையை இரண்டு செல் தூக்கியிருக்கிறது. அந்த இரண்டும் நொந்துபோயிருக்கும். ஒட்டாமல் நின்ற இரண்டும் இப்போது வேறு வோல்டேஜில் இருக்கும். அப்படியே சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கரண்ட் பாயும். அந்தத் தொகுதியின் நான்கையும் மாற்றுங்கள். கொள்ளளவு மற்றவற்றோடு ஒத்திருக்க வேண்டும், நான்கும் ஒரே வோல்டேஜுக்கு வந்த பிறகுதான் இணைக்க வேண்டும். ஸ்பாட் வெல்டிங் தான், ஈயம் வைத்து ஒட்டவே கூடாது. அந்தச் சூடு செல்லுக்குள் போய்க் கெடுக்கும். மற்ற ஒன்பது தொகுதியின் பட்டிகளையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கே சார்ஜ் போடுகிறீர்கள்?

லிந்துலை_வாத்தியார்:
தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில்தான் இருக்கிறோம். இரவில் காம்பரா அறைக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில்.

நோர்வூட்_வயர்மேன்:
அதை இன்றோடு விடுங்கள். ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். லித்தியம் செல் தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரில் அடங்காது. விழித்திருக்கும் நேரத்தில், வெளித்திண்ணையில், மழை படாத இடத்தில், சிமெந்துத் தரையில் வைத்துப் போடுங்கள். விறகும் துணியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. 42 வோல்ட் வந்ததும் கழற்றிவிடுங்கள். பழைய செல் என்பதால் 41இலேயே நிறுத்தினாலும் நல்லது.

பதுளை_ரைடர்:
செல் மாற்றியதும் இரண்டு வேலை செய்யுங்கள். பின்பக்கம் சங்கிலி ஓடும் பல்சக்கரம், ஃப்ரீவீல், 18 பல் என்றால் 22 போடுங்கள், சங்கிலி கொஞ்சம் நீளம் வேண்டும். அப்போது மேட்டில் நீங்களும் மிதிக்கலாம். ஹப் மோட்டார் மெதுவாக ஊர்ந்தால் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். எக்ஸலேட்டரை முழுதாகத் திருகிவிட்டுச் சும்மா உட்காராதீர்கள். அப்புறம், அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புத்தகடு, டோர்க் ஆர்ம், பூட்டியிருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால் நட் தளர்ந்து அச்சு சுழலும், மோட்டார் வயர் முறுக்கி அறுந்துவிடும்.

லிந்துலை_வாத்தியார்:
தகடு இல்லை, வாங்குகிறேன். இன்று மத்தியானத்திலிருந்து சார்ஜ் திண்ணையில்தான்.

லிந்துலை_வாத்தியார்:
ஏழாவது தொகுதி மாற்றியாயிற்று. ஆறு பல்பில் பத்தும் 3.8க்குக் கிட்ட. 22 பல்லும் தகடும் போட்டுக் காலையில் ஏறினேன், நானுஓயா ஸ்டேஷன் வரை எங்குமே அணையவில்லை. மோட்டார் வெதுவெதுப்புதான்.

நோர்வூட்_வயர்மேன்:
நல்லது. மாதம் ஒருமுறை பல்ப் வைத்துப் பத்தையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒன்று தனியாக இறங்கத் தொடங்கினால் ரோட்டில் நிற்கும் முன்னே தெரிந்துவிடும்.