மறு: ‘பர்ஜ்’ – ‘முழுநீக்கம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸில் மென்பொருள் பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் ‘ஆப்ட்’ கருவியின் கட்டளைகளைத் தமிழாக்குவதில், ‘பர்ஜ்’ என்பதற்கு ‘முழுநீக்கம்’ என்று வந்த யோசனைக்கு என் பதில் இது.

> ரிமூவ் = நீக்கம், பர்ஜ் = முழுநீக்கம். எளிதாக இருக்கிறதே, இதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிதுதான். ஆனால் அந்த ‘முழு’ இடிக்கிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் ‘ஆப்ட் ரிமூவ்’ கொடுத்தால் நிரல் போகும். கணினி முழுவதற்குமான அமைவுகள் இருக்கும் ஈடிசி அடைவில் உள்ள அமைவுக் கோப்புகள் தங்கிவிடும். பொதிகளின் நிலையைக் காட்டும் டிபிகேஜி பட்டியலில் அந்தப் பொதிக்கு நேரே ‘ஆர்சி’ (நிரல் நீக்கப்பட்டது, அமைவு மட்டும் இருக்கிறது) என்று நிற்பது இதனால்தான். பர்ஜ் அந்தக் கோப்புகளையும் சேர்த்து எடுக்கும். ஆனால் ஹோம் அடைவில் பயனர் பெயரில் சேர்ந்தவற்றைத் தொடாது. உலாவியை ‘முழுநீக்கம்’ செய்தவர், சேமித்த கடவுச்சொற்களும் போய்விட்டன என்று நம்பிக் கணினியை விற்றுவிட்டால்?

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள வழங்கிப் பொதியின் கதை வேறு. அதைப் பர்ஜ் செய்யும்போது தரவுத்தள அடைவுகளையும் அழிக்கட்டுமா என்று தனியாகக் கேட்கும். பழக்கதோஷத்தில் ‘ஆம்’ தட்டிவிட்டால் காப்புநகல்தான் கதி.

> ‘அறநீக்கு’ எப்படி? அற = முற்றிலும்.

இலக்கணம் சரி. திரையில் பார்ப்பவர் அறத்தை நீக்கச் சொல்கிறார்கள் என்றே படிப்பார் :-) மேலும் ‘முற்றிலும்’ என்ற அதே சிக்கல் இதிலும் இருக்கிறது.

என் பரிந்துரை ‘அமைவொடு நீக்கு’. நிரலோடு கூட எது போகிறது என்பது அதிலேயே இருக்கிறது.

அடுத்து ஆட்டோரிமூவ் கட்டளை. மொழிபெயர்ப்பு வரைவில் ‘தானாக நீக்கு’ என்றிருக்கிறது. இது தவறு. நீக்கம் இங்கே தானாக நடப்பதில்லை, நாம் கட்டளை கொடுத்தால்தான் நடக்கும். தானாக வந்தவை பொதிகள்: வேறொன்றுக்குச் சார்பாக நிறுவப்பட்டு, இப்போது எதற்கும் தேவைப்படாமல் கிடப்பவை. ‘கேட்பாரற்ற பொதிகளை நீக்கு’ என்கிறேன். பட்டியில் (மெனுவில்) இடம் போதாது என்பீர்கள். இரண்டு வரியாக மடியட்டும், பரவாயில்லை.

எதையும் செய்யாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ‘சிமுலேட்’ விருப்பத் தேர்வுக்கு ‘ஒத்திகை’ என்று முன்பு வந்த யோசனையை யாரும் மறுக்கவில்லை. கையேட்டில் அதை முன்னால் கொண்டுவர வேண்டும். உபுண்டுவில் பைத்தான்3 பொதியை நீக்கப் போனால் மேசைத்தளமே (டெஸ்க்டாப்) கூடச் சேர்ந்து போகும். ஒத்திகை ஓட்டினால் எதையும் தொடாமல் அந்தப் பட்டியல் முழுவதும் திரையில் வந்துவிடும்.

கணினி இயங்கவே தேவையான ‘எசென்ஷியல்’ பொதிகளுக்கு ‘இன்றியமையா’ போதுமா, ‘தொடாதே’ என்ற தொனி வேண்டுமா? நான் முதலாவதன் பக்கம். மற்றவர்கள் சொல்லுங்கள்.