கியூஎல்சி பிளஸ்ஸில் லைட்டுகளை எப்படிக் குழு பிரிக்கிறீர்கள்? ஓட்டம் நடுவில் தாவுகிறது

ஏணிக்காரன்:
எங்கள் நாடகக் குழுவுக்கு நான்தான் லைட். இதுவரை ஃபேடர் பலகையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த நாடகத்துக்கு லேப்டாப்பில் லைட் ஓட்டும் மென்பொருளான கியூஎல்சி பிளஸ் 4, அதன் கட்டளையை லைட்டுக்கு அனுப்பும் யுஎஸ்பி டிஎம்எக்ஸ் டாங்கிள் என்று இறங்கிவிட்டேன்.

சரக்கு எல்லாம் வாடகைதான். பின் ட்ரஸ்ஸில் (லைட் தொங்கும் சட்டம்) 8 பார் லைட், முன்னால் 4. எல்லாமே 7 சேனல் (நிறம், ஒளி அளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாடு), முகவரி (லைட்டின் முதல் சேனல் எண்) 1, 8, 15 என்று 78 வரை. இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்க ஆளுக்கொரு பிக்சல் பட்டை: 8 துண்டு, 24 சேனல், முகவரி 101, 125. பின்னால் 4 மூவிங் ஹெட் (தலை திரும்பும் லைட்), இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு.

சிக்கல் பின் ட்ரஸ்ஸில். கேபிள் நடுவில் ஏறி முதலில் வலக்கோடிக்குப் போகிறது, அப்புறம் நடுவுக்குத் திரும்பி இடக்கோடிக்கு. எண் வரிசையும் அப்படியே. 8 லைட்டையும் ஒரு ஃபிக்ஸ்சர் குரூப்பில் (மென்பொருளில் லைட்டுக்குப் பெயர் ஃபிக்ஸ்சர்) போட்டு, நிறத்தை லைட் லைட்டாக ஓடவிடும் ஆர்ஜிபி மேட்ரிக்ஸ் ஓட்டினால், வெளிச்சம் நடுவில் கிளம்பி வலது ஓரம் போய், சட்டென்று நடுவுக்குத் தாவி இடப்பக்கம் ஓடுகிறது. வெள்ளம் வருகிற காட்சி அது. தண்ணீர் இப்படியா வரும்? இதற்காக ஏணி போட்டு எல்லா லைட்டிலும் முகவரி மாற்ற வேண்டுமா?

இன்னொன்று. இயக்குநர் 'பின்னால நீலம் ஏத்து', 'ஓரத்தை அணை' என்றுதான் சொல்வார். ஃபிக்ஸ்சர் நம்பரெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் பேச்சுக்குப் பொருந்துகிற மாதிரி குழு வைக்க முடியுமா?

டிம்மர்அக்கா:
ஏணியை மடக்கி வையுங்கள் தம்பி. முகவரியைத் தொடவே வேண்டாம். முகவரி கேபிளுக்கு, குரூப் கட்டம் கண்ணுக்கு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இந்தத் தாவல்.

ஃபிக்ஸ்சர் மேனேஜரில் அந்தக் குரூப்பைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கம் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் மேடையில் ஓர் இடம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இடமிருந்து வலமாக 8, 7, 6, 5, 1, 2, 3, 4 என்று லைட் இருக்கிறது. கட்டத்திலும் அப்படியே இழுத்து வையுங்கள். ஒன்றை இன்னொன்றின் மேல் போட்டால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். வேலை அவ்வளவுதான்.

நடுவில் திரையோ இடைவெளியோ இருக்கிறதா? இருந்தால் 8 கட்டத்துக்குப் பதில் 10 கட்டம் வைத்து நடு இரண்டைக் காலியாக விடுங்கள். வெளிச்சம் அந்த வெற்றிடத்தைக் கடக்கவும் நேரம் எடுக்கும். உங்கள் வெள்ளத்துக்கு அது இன்னும் பொருத்தம். காலிக் கட்டம் விடுவதைப் பலர் கவனிப்பதே இல்லை, எனக்கு இந்த மென்பொருளில் பிடித்ததே அதுதான்.

பட்டைகளை முழு ஃபிக்ஸ்சராகப் பார்க்காமல், துண்டுக்கு ஒரு ஹெட்டாகப் பாருங்கள். ஒரு பட்டைக்கு 8 ஹெட், அதை மேலிருந்து கீழாக ஒரு நெடுவரிசையில் அடுக்குங்கள். தலைகீழாக மாட்டியிருந்தால் கட்டத்தில் திருப்பி அடுக்கினால் போதும், பட்டையைக் கழற்ற வேண்டியதில்லை.

இயக்குநரின் பேச்சுக்கு ஃபிக்ஸ்சர் குரூப் மட்டும் போதாது. அது இடத்தைச் சொல்கிறது, மேட்ரிக்ஸுக்கு அது தேவை. 'பின்னால நீலம்' என்பதற்கு, ஃபிக்ஸ்சர் குரூப்புக்குப் பக்கத்திலேயே சேனல் குரூப் என்று ஒன்று இருக்கிறது. பின் 8 லைட்டின் நீலச் சேனல்களை மட்டும் சேர்த்துப் 'பின் நீலம்' என்று பெயர் வையுங்கள். சீன் (சேமித்து வைக்கும் ஓர் ஒளி அமைப்பு) எடிட்டரில் ஒரே ஃபேடரில் எட்டும் ஏறும். டிம்மர் சேனல்களுக்கும் தனியாக ஒன்று வையுங்கள். டிம்மர் 0-வில் கிடந்தால் நீலத்தை 255-க்கு ஏற்றினாலும் மேடை இருட்டுதான்.

கேபிள்சுத்தி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். லைட்டைச் சேர்க்கும்போதே பெயரை மாற்றிவிடுங்கள். எட்டு லைட்டும் கம்பெனிப் பெயரோடு வரிசையாக நின்றால் ஒத்திகை இருட்டில் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. 'பின் இட 1', 'முன் வல 2' மாதிரி. இடம் வலம் யார் பக்கத்திலிருந்து என்பதை நடிகர்களோடு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் அந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அடுத்த ஊரில் வேறு சேனல் கணக்குள்ள லைட் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து செய்யாதீர்கள். ரீமேப் என்று ஒரு வசதி இருக்கிறது. பழைய லைட் ஒரு பக்கம், புது லைட் ஒரு பக்கம், நடுவில் கோடு இழுத்து இணைக்கலாம். சீன்கள் புது லைட்டுக்கு மாறிவிடும். முகவரி மட்டும் மாறினால் அதுகூட வேண்டாம், ஃபிக்ஸ்சரின் முகவரியைத் திருத்தினாலே போதும்.

ஏணிக்காரன்:
கட்டத்தை மாற்றினேன், நடுவில் இரண்டு காலி விட்டேன். வெள்ளம் இப்போது வெள்ளமாகவே வருகிறது. இயக்குநர் மூன்று முறை ஓட்டச் சொன்னார். நன்றி அக்கா.

மூவிங் ஹெட்தான் பாக்கி. லைட்டை ஒரு வடிவத்தில் அசைக்கும் இஎஃப்எக்ஸில் வட்டம் போட்டால் நாலும் ஒரே திசையில் சுற்றுகின்றன. இடது இரண்டும் வலது இரண்டும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராகச் சுற்ற வேண்டும். இதற்கும் குரூப்தானா?

டிம்மர்அக்கா:
இல்லை, இதில் குரூப் உதவாது. இஎஃப்எக்ஸ் எடிட்டரில் லைட் பட்டியலிலேயே ஒவ்வொன்றுக்கும் எதிரே ரிவர்ஸ் என்று ஒரு டிக் இருக்கும். வலது இரண்டுக்கும் டிக் போடுங்கள். ஆஃப்செட்டை (சுற்றல் தொடங்கும் இடம்) எல்லாவற்றுக்கும் 0-விலேயே விடுங்கள், இல்லையென்றால் ஜோடி கலைந்துவிடும்.

ஆனால் அது சுற்றலுக்கு மட்டும். சீனில் நாலையும் நடுவில் நிற்கிற நடிகர் மேல் திருப்பும்போது ஒரே பேன் (இட வலத் திருப்பம்) மதிப்பு கொடுத்தால் வலது இரண்டும் மேடையின் பக்க மறைவான விங்ஸைப் பார்த்து நிற்கும். அந்த ஜோடிக்கு லைட்டின் மெனுவிலேயே பேன் இன்வர்ட் இருக்கும், பெரும்பாலும். அங்கே மாற்றினால் சீனுக்கும் வட்டத்துக்கும் சேர்த்தே எதிர்த்திசை வந்துவிடும். அப்படி மாற்றினால் இஎஃப்எக்ஸில் போட்ட ரிவர்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் மறுபடி நாலும் ஒரே பக்கம்தான்.

கேபிள்சுத்தி:
வாடகை லைட் என்றால் மெனுவைத் திருத்தியதைத் திருப்பி அனுப்பும் முன் பழையபடி வைத்துவிடுங்கள் தம்பி. அடுத்து எடுக்கிறவன் நம்மைத்தான் திட்டுவான்.